பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்களா? சீட்டும் கூடவே போகட்டும்!

"என்னம்மா ஊசி போட்டாங்க?"

"தெரியலைங்க டாக்டர்... கையில ஒண்ணு போட்டாங்க. அப்புறம் பாட்டில்ல என்னத்தையோ கலந்து ஏத்தினாங்க."

"எத்தனை மணிக்கு?"

"இருட்டிடுச்சுங்க... ஏழரை, எட்டு இருக்கும்."

"சீட்டு ஏதாவது குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பையன்கிட்ட இருக்கு. அவன் பைக்ல பின்னாடியே வர்றான்..."

பையன் பின்னாடி வரவில்லை. அவன் அந்த நேரத்தில் கடலூருக்குப் போய்க்கொண்டிருந்தான்!

கதையல்ல. என் அக்கா வீட்டில் நடந்தது. மாமாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி. பக்கத்திலிருந்த சின்ன நர்சிங் ஹோமில் முதலுதவி செய்துவிட்டு, "உடனே கடலூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க" என்றார்கள். 108 வண்டியில் மாமாவும் அக்காவும் ஏறிக்கொண்டார்கள். சீட்டு, ஈ.சி.ஜி., பணம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பையன் கையில் கொடுத்தாயிற்று. வண்டி நேராகச் சிதம்பரம் அண்ணாமலை நகருக்குப் போனது. பையன் 'கடலூர்' என்று காதில் விழுந்ததை நம்பி, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை வாசலில் போய் நின்றான். இரண்டுக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர்.

யார் மேல் தப்பு? யார் மேலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பெயர்தான் குழப்பம். 1985-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-ல் தமிழ்நாடு அரசின் சுகாதாரத் துறை எடுத்துக்கொண்டது. இப்போது அதுதான் கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி. ஆக, பெயரில் கடலூர்; இருப்பது சிதம்பரத்தில்! ஊர் ஜனங்கள் இன்றும் 'ராஜா முத்தையா' என்றுதான் சொல்கிறார்கள். சிதம்பரம் டவுனுக்குள் காமராஜர் பெயரில் இன்னொரு அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. கடலூரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் புதுச்சேரி. அங்கே ஜிப்மர் இருக்கிறது, பாண்டி அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

அதனால் உங்களுக்கு முதல் பாடம் இதுதான். 'கடலூர்', 'பாண்டி' என்று ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். "எந்த ஆஸ்பத்திரி? எந்த இடத்தில் இருக்கு? எந்த வார்டுல காட்டணும்?" என்று மூன்றையும் கேட்டு, கூட வருகிற எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டாவது பாடம், சீட்டு நோயாளி இருக்கிற வண்டியில்தான் போக வேண்டும். பைக்கில் வருகிறவரிடம் பணத்தைக் கொடுங்கள், துணிமணியைக் கொடுங்கள், ஃபிளாஸ்க்கைக் கொடுங்கள். சீட்டைக் கொடுக்காதீர்கள்!

டாக்டர் ஏன் துருவித் துருவிக் கேட்கிறார்?

"அதான் பெரிய டாக்டராச்சே, பார்த்தாலே தெரியாதா என்ன ஊசி போட்டிருக்காங்கன்னு?" என்று வராந்தாவில் யாராவது ஒருவர் முணுமுணுப்பார். தெரியாது. உடம்புக்குள் போன மருந்துக்கு நிறமும் கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது.

மாமா விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாரடைப்பில் இதய ரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்கிறது. அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு. சரியான நேரத்தில் போட்டால் உயிர் காக்கும். போட்டதே தெரியாமல் இன்னொரு முறை போட்டால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக் கசிவு வரலாம். 'ஏற்கெனவே போட்டிருப்பாங்க' என்று நினைத்துப் போடாமல் விட்டால் இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் பாழாகும். இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் நிற்கிற டாக்டருக்கு வேண்டியது மூன்றே விஷயம்: என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு.

அன்று ராத்திரி அந்த நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டு, நர்ஸைப் பிடித்து, நோட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்லி... அரை மணி நேரம் போயிற்று. கட்டி கரைக்கும் ஊசி போடவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிகிச்சை ஆரம்பமானது. மாமா பிழைத்துக்கொண்டார். அந்த அரை மணி நேரத்தை அக்கா இன்னும் மறக்கவில்லை.

மாரடைப்பில் இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கியது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு ஈ.சி.ஜி. பார்த்து, தேவையென்றால் அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8, ஆக மொத்தம் 14 மாத்திரைகள். நோயாளிக்கு 'ஒரு கை மாத்திரை கொடுத்தாங்க' என்றுதான் ஞாபகம் இருக்கும். முதல் இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அடுத்த ஆஸ்பத்திரியில் தெரியாமல் மறுபடி முழு டோஸ் கொடுத்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். ஆகவே சீட்டில் அந்த 14 மாத்திரையும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தகவல் முன்கூட்டியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கணக்கு இருக்கிறது. 2012-லிருந்து 2014 வரை தமிழ்நாட்டில் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய இதய சிகிச்சை ஆஸ்பத்திரிகளோடு இணைத்து ஒரு ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். ஈ.சி.ஜி.யை முதலில் எடுத்த இடத்திலிருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அதில் முக்கியமான அம்சம். 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் ஏற்பாட்டுக்கு முன்பு 17.6 சதவீதம், பின்பு 14.2 சதவீதம். காகிதம் ஆளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது மட்டுமே காரணமில்லை, மருந்தும் வண்டியும் கூடத்தான். ஆனாலும் நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் என்றால் சும்மாவா?

பிரசவ வலியில் ஒரு பயணம்

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறி, கால் முகமெல்லாம் வீங்கி, திடீரென்று வலிப்பு வந்துவிடும். தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்தான கட்டம். வலிப்பைத் தடுக்கும் முதல் மருந்து மக்னீசியம் சல்பேட். கிராமத்து சுகாதார நிலையத்திலேயே இரண்டு பக்க இடுப்பிலும் 5 கிராம் வீதம் 10 கிராம் ஊசி போட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கம். பெரிய இடத்தில் ஆரம்பிப்பதாக இருந்தால் நரம்பு வழியாக 4 கிராமும் இதோடு சேரும். அதற்குப் பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 5 கிராம்.

இந்த மருந்து அளவு மீறினால் தசைகள் தளரும். முழங்காலைத் தட்டினால் கால் துள்ளாது. பிறகு மூச்சே மந்தமாகும். முறிவு மருந்து உண்டு, கால்சியம் குளுக்கோனேட். ஆனால் எதற்கு அந்த நிலைமை? ஒரு ஆஸ்பத்திரியில் 8 மணிக்குப் போட்ட ஊசி அடுத்த ஆஸ்பத்திரிக்கு 9 மணிக்குத் தெரிந்தால், அடுத்த டோஸ் 12 மணிக்கு. தெரியாவிட்டால்? மறுபடியும் முதலிலிருந்து!

கர்ப்பிணிப் பெண்ணுக்கு நம் ஊரில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் தாய்-சேய் நல அட்டையும் 12 இலக்கப் பதிவு எண்ணும்தான் அது. பிக்மி நம்பர் என்று நர்சம்மா சொல்வாரே, அது. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கத்தான் அது என்று பலர் நினைத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பி.பி., ரத்தம், ஸ்கேன், ரத்தப் பிரிவு எல்லாம் மாதா மாதம் எழுதிய அட்டை அது. ஏழாம் மாதத்திலிருந்து அது பீரோவில் இருக்கக் கூடாது. வாசல் ஆணியில் தொங்கும் பைக்குள் இருக்க வேண்டும்.

வயலும் விஷமும்

புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கிற வாசகர்களுக்குப் பாம்புக்கடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்துவிட்டது. நல்ல காரியம்.

பாம்புக்கடியில் அடுத்த டாக்டருக்குத் தெரிய வேண்டியது: கடித்த நேரம், போட்ட விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி, எப்போது ஆரம்பித்தார்கள், போட்டபோது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா. இதைத் தவிர முக்கியமான இன்னொன்று உண்டு. கொஞ்சம் ரத்தத்தை எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறைந்துவிட்டால் சரி. உறையாவிட்டால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து போட்டு ஆறு மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்து, மேற்கொண்டு மருந்து வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதே தெரியாவிட்டால் ஆறு மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

பாம்பை அடித்துக் கையோடு கொண்டுவர வேண்டாம். இரண்டாவது ஆளும் கடி வாங்குவார். தூரத்திலிருந்து போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் கவலையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

பூச்சிமருந்து குடித்தவரை அனுப்பும்போது டப்பா கூடவே போகட்டும். இதற்குக் கொடுக்கும் அட்ரோபின் ஊசி கண்ணின் பாவையை விரிய வைக்கும். ஊசி போட்டது தெரியாமல் விரிந்த பாவையைப் பார்க்கும் டாக்டர் 'தலையில் அடிபட்டதோ' என்று சந்தேகப்பட்டால் அது அவர் குற்றமா? அதே மாதிரி, விபத்தில் துடித்தவருக்குத் தூக்க ஊசி போட்டு அனுப்பியிருந்தால் அதையும் எழுதியிருக்க வேண்டும். மருந்தின் மயக்கமா, மூளைக்குள் ரத்தக்கட்டா என்பது அடுத்த டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?

பக்கவாதம் என்றால் ஒரே கேள்வி: "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" கட்டி கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்தைச் சொல்லாதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தைச் சொல்லுங்கள்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

"மேல்சிகிச்சைக்காகப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுப்பதுண்டு. அது பஸ் பாஸ். சீட்டு ஆகாது!

நீங்கள் பணிவாகக் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள் இவை. பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர். என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது. வந்தபோது பி.பி., நாடி, மூச்சு, நினைவு எப்படி, கிளம்பும்போது எப்படி. கொடுத்த மருந்து, அளவு, நேரம். எடுத்த டெஸ்டுகள், முடிவு வராதவை எவை. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. ஏன் அனுப்புகிறார்கள், எந்த டாக்டரிடம் போனில் சொன்னார்கள். கடைசியாக, எழுதிய டாக்டர் பெயரும் போன் நம்பரும். கூடவே ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ஸ்கேன் படம். ஸ்கேனுக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது, படமும் வேண்டும். விபத்து, விஷம், பாம்புக்கடி என்றால் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் விபத்துப் பதிவேட்டின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் போனில் பேசுவது என்பது சீட்டைவிட ஒரு படி மேல். "நீங்க அண்ணாமலை நகர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டீங்களா சார்? அங்க பெட் இருக்கா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வண்டி கிளம்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. போய்ச் சேர்ந்த பிறகு அல்ல.

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒருவர் இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது நாலு வரியில் சொல்லும் பழக்கம் இருந்தது. இப்போது என்ன நிலைமை, இதற்கு முன் என்ன நடந்தது, என் கணிப்பு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும். அதையே பிறகு ஆஸ்பத்திரிகளும் எடுத்துக்கொண்டன. ஒரே ஆஸ்பத்திரிக்குள் ஷிஃப்ட் மாறும்போதுகூட இப்படி முறையாகச் சொன்னால் பலன் உண்டா என்று அமெரிக்கா, கனடாவின் 9 குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகளில் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. சிகிச்சைத் தவறுகள் 23 சதவீதம் குறைந்திருந்தன. பக்கத்து நாற்காலிக்குச் சொல்வதிலேயே இவ்வளவு இருக்கிறதென்றால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சொல்வதில் எவ்வளவு இருக்கும்!

"கேட்டால் டாக்டர் கோபிப்பாரே?" சிலர் கோபிக்கலாம். ராத்திரி டியூட்டியில் வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு நடுவே அவரும் மனிதர்தானே. கேட்கிற விதத்தில் கேளுங்கள். "சார், எங்களுக்குச் சொல்லத் தெரியாது. அங்க கேட்பாங்க. மருந்தும் டைமும் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றால் மறுப்பவர் அபூர்வம். சட்டமும் உங்கள் பக்கம்தான். 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அது முழு கேஸ் ஷீட்டுக்கான கெடு. அவசரத்தில் அனுப்பும்போது கூடவே வரவேண்டிய சீட்டுக்கு அந்த 72 மணி நேரம் பொருந்தாது; அது கையோடு வேண்டும்.

இரண்டு வழக்குகள்

ஸ்கூட்டரில் வந்த ஒருவரைக் கார் மோதியது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது. அனுமதி உள்ள ஆஸ்பத்திரி 20 கிலோமீட்டரில் இருக்கிறது" என்று திருப்பி விட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989 ஆகஸ்டில் தீர்ப்பு. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், போலீஸ் சடங்குகள் பிறகுதான் என்றது கோர்ட்.

இன்னொன்று மேற்கு வங்காளத்தில். 1992 ஜூலை 8-ஆம் தேதி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளி. ஒரு அரசு ஆஸ்பத்திரி மாற்றி ஒன்று. இங்கே வசதி இல்லை, அங்கே படுக்கை இல்லை. கடைசியில் கல்கத்தாவில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் பிழைத்தார். 1996 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. எனக்கு முக்கியமாகப் படுவது அதே தீர்ப்பின் இன்னொரு வரி விஷயம். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே தெரிந்து நோயாளியை நேராக அங்கே அனுப்பும்படி, ஒருங்கிணைந்த தகவல் தொடர்பு ஏற்பாடு வேண்டும் என்றது கோர்ட். அதைப் படிக்கும்போதெல்லாம் மஞ்சள் பையோடு கடலூரில் நின்ற பையன்தான் எனக்கு ஞாபகம் வருகிறான்.

எல்லோருக்கும் காட்ட அல்ல!

தகவல் போய்ச் சேர வேண்டும். ஆனால் யாருக்கு? அங்கேதான் இப்போது புதுத் தலைவலி.

கேஸ் ஷீட்டைப் போனில் படம் பிடித்து 'சொந்தங்கள்' குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். "சித்தப்பா, உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று நல்லெண்ணத்தில்தான். சித்தப்பா இன்னொரு குரூப்பில் போடுவார். அன்று சாயந்திரத்துக்குள் பண்ருட்டிச் சந்தையில் அந்தப் பெண்ணின் கர்ப்பப்பை ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

படம் எடுங்கள், தப்பில்லை. சீட்டு தொலைந்தால் கைகொடுக்கும். ஆனால் சிகிச்சை தரும் டாக்டரின் நம்பருக்கு நேராக அனுப்புங்கள். குரூப்புக்கு வேண்டாம். நம்பரை ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு அனுப்புங்கள். ஆதார் நம்பர் தெரிந்தால் கைவிரலால் மறைத்துப் படமெடுங்கள். கட்டுப் போட்ட முகத்தையும் வார்டில் பக்கத்துக் கட்டிலையும் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது... என்ன சொல்ல!

எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ஆம் வருஷத்துச் சட்டம் கண்டிப்பானது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சைக்குத் தேவை என்றால் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்லலாம். தெரிந்துகொண்டவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். இதில் நோயாளிகள் செய்கிற தவறு ஒன்று உண்டு. வெட்கப்பட்டு டாக்டரிடமே மறைத்துவிடுவது. காசநோய் மாத்திரை, மனநல மாத்திரை, கருக்கலைப்பு, குடி... உறவினர் எதிரில் சொல்ல முடியாவிட்டால் "டாக்டர், உங்ககிட்ட தனியா ஒரு விஷயம் சொல்லணும்" என்று சொல்லுங்கள். நர்ஸிடம் சொன்னாலும் ஏற்பாடு செய்வார். கூட வந்திருக்கும் உறவினர்களுக்கு நான் சொல்வது, அந்த நேரத்தில் கொஞ்சம் வெளியே போய் டீ சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொரு ஆபத்து பெயர். ஒரே வார்டில் மூன்று செல்வி, நாலு ராஜேந்திரன் இருப்பது நம் ஊரில் சகஜம். உங்கள் கையில் கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்திலும் பெயர், வயது, தகப்பனார் பெயர், உள்நோயாளி நம்பர் நான்கும் உங்களுடையதுதானா என்று கிளம்புமுன் பாருங்கள். ரத்தப் பிரிவு எழுதிய சீட்டு இருந்தாலும் புது ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். "ஏற்கெனவே பார்த்தாச்சே, மறுபடி எதுக்கு?" என்று சண்டை போடாதீர்கள். அந்த ஒரு விஷயத்தில் யார் எழுதியதையும் நம்பக் கூடாது என்பதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு

போகும்போது காட்டுகிற அக்கறையைத் திரும்பும்போது யாரும் காட்டுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பையில் போட்டால் சரி என்று நினைக்கிறோம். அதில் பழைய மாத்திரைகளில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்களா? சர்க்கரை மாத்திரையை ஒரு கம்பெனிப் பெயரில் கடலூரிலும், அதே மருந்தை வேறு பெயரில் சிதம்பரத்திலும் வாங்கி இரண்டையும் விழுங்கி மயக்கம் போட்டவர்கள் உண்டு. சம்மரியோடும் வீட்டிலிருக்கும் மாத்திரை டப்பாவோடும் உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய்க் காட்டிவிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021-லிருந்து வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்களே, அவரிடமும் காட்ட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை மாறியது அவருக்குக் கனவா வரும்?

மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற ஊசி போட்டிருந்தால் அந்தப் பெயரைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அதற்கு எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடுவதால், பின்னாளில் மறுபடி வலி வந்தால் அதே ஊசியைத் தவிர்த்து வேறு மருந்தைத்தான் டாக்டர் தேடுவார்.

ஈ.சி.ஜி. காகிதம் சூட்டில் அச்சாகும் ரகம். நாளடைவில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். மெஷினின் சூடு பட்டதும் முழுக்கக் கறுத்துப் போகும். ஒரு பெரியவர் அப்படிக் கறுத்துப்போன அட்டையை என்னிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

"இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்பீர்கள். உண்மைதான். 2021 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க 14 இலக்க 'ஆபா' நம்பர் கொடுக்கிறார்கள். உங்கள் சம்மதத்தோடு ஒரு ஆஸ்பத்திரிப் பதிவை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்க வழி உண்டு. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் வரும் ஓ.டி.பி.யை மட்டும் கவுன்டரில் நிற்கிற முகம் தெரியாத ஆளிடம் சொல்லாதீர்கள். ஆனால் கடலூர்க்காரர்கள் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயலை மறந்திருக்க மாட்டீர்கள். நாள்கணக்கில் கரன்ட் இல்லை. சார்ஜ் இல்லாத போனுக்குள் எத்தனை ரிப்போர்ட் இருந்து என்ன?

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. ஆளுக்கு ஒரு போஸ்ட் கார்டு அளவு அட்டை. பெயர், வயது, இருக்கிற வியாதி, தினமும் சாப்பிடும் மாத்திரையின் மருந்துப் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து, நடந்த ஆபரேஷன், இரண்டு போன் நம்பர். அட்டையின் பின்பக்கம் காலி. அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தாலும், டாக்டரோ நர்ஸோ எழுத நேரமில்லை என்றால், நாமே கேட்டு நேரத்தோடு அதில் எழுதிக்கொள்ள. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கூடவே ஒரு பேனா. அட்டை நாலும் வாசல் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன.

மாமாவின் அட்டை மட்டும் ஆணியில் கிடையாது. சட்டைப் பையில் வைத்திருக்கிறார். துணி துவைக்கும்போது அதைத் தேடி எடுப்பது அக்காவின் வேலையாகிவிட்டது.